தலைக்காசு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட். அங்கே ஒட்டுக்கடை என்கிற சிறு சாப்பாட்டுக் கடையில் ஒரு மிலோ டின் இருக்கிறது. மூடியில் கத்தியால் கீறிய வாய். பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ‘பந்து’ என்று மட்டும் எழுதியிருக்கும். சனிக்கிழமை ராத்திரி டிவியில் பந்து, அதாவது கால்பந்து, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) அதில் போட வேண்டும். போடாதவரை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் டின் மேசை மேசையாக நகர்ந்து வந்து அவர் முன்னால் சற்று அதிக நேரம் நிற்கும். அதுவே போதும்.

டின் வந்த கதை சின்னது. வீட்டுக்கு எடுக்கும் டிவி சந்தாவைக் கடையில் போட்டுக் காட்ட முடியாது, கடைக்குத் தனிச் சந்தா, தனி விலை. போன வருடத் தொடக்கத்தில் கடைக்கார அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதை நிறுத்திவிட்டார். ஒரு தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் டீ) வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரும் எங்களை நம்பி அவர் எப்படிச் சந்தா கட்டுவார்? அவரைக் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நாள் ஒருவர் வீட்டிலிருந்து ஆண்ட்ராய்டு பெட்டி கொண்டுவந்தார். பெனல்ட்டி அடிக்க ஓடிவரும்போது சரியாகப் படம் உறைந்து நிற்கும். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) யாரோ கத்துவதைக் கேட்டுத்தான் கோல் விழுந்ததைத் தெரிந்துகொள்வோம். போதாக்குறைக்கு 2022-இலேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரிப் பெட்டி விற்கிறவர்களுக்குப் பெரிய அபராதம், சிறை என்று கொண்டுவந்திருந்தார்கள். கடைக்காரர் பயந்து பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். அப்போதுதான் லோரி ஓட்டும் அண்ணன் அந்த டின்னைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

டின்னில் ஒரு காசும் போடாதவர் ஒரே ஒருவர்தான், மண்டோர் தாத்தா. வயது 78. இந்த இடம் பால்மர (ரப்பர்) தோட்டமாக இருந்த காலத்தில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தவர். இப்போது தோட்டம் முழுக்கச் செம்பனை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் புல். டின் அவர் மேசைக்கு வரும்போதெல்லாம் ஒரே வசனம்தான்: “வந்துட்டான்யா கங்காணி, தலைக்காசு வாங்க.”

இளசுகளுக்குப் புரியாது. அந்தக் காலத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிக்குச் சம்பளம் தவிர, தன் கீழே வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இத்தனை காசு என்று தோட்டத் துரை கொடுப்பார். அதுதான் தலைக்காசு. ஆள் மரம் வெட்டினால் ஆளுக்குக் கூலி, ஆள் வந்து நின்றாலே கங்காணிக்குக் காசு. இந்த ஒரு சொல் எனக்குள் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

விஷயம் தொடங்கியது 2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. லிவர்பூலுக்கும் எவர்ட்டனுக்கும் ஆட்டம். அங்கே மதியம் 12.30, இங்கே ராத்திரி 7.30. சாப்பிட்டுவிட்டு உட்கார வசதியான நேரம். நான் பள்ளி நாளிலிருந்து லிவர்பூல். என் அக்கா மகன் மான்செஸ்டர் யுனைடெட், அதனால் அவன் ஆட்டம் பார்க்க வரவில்லை, என்னைப் பார்க்க வந்தான். இரண்டாம் பாதியில் அலெக்சாண்டர் இசாக் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். லிவர்பூலுக்கு லீக்கில் அவருக்கு அது முதல் ஆட்டம். திரையில் அவர் முகம் பெரிதாக வந்ததும் அக்கா மகன் தொடங்கிவிட்டான்.

“125 மில்லியன் பவுன், மாமா. கணக்குப் போடுங்க.”

நான் ஈப்போவில் ஒரு டயர் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். கணக்கு என்றால் கை தானாகப் போகும். ஒரு பிரிட்டிஷ் பவுன் அஞ்சரை வெள்ளிக்கு மேல். எப்படிப் பார்த்தாலும் ஏறத்தாழ 700 மில்லியன் வெள்ளி. லோரி அண்ணன் தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “ஒருத்தன் காலுக்கா? இந்த டவுனையே வாங்கிடலாம்லா.”

“டவுனை எதுக்கு வாங்கணும், ரொனால்டோவைப் பாருங்க” என்று இன்னொருத்தர் தொடர்ந்தார். சவூதியில் அல் நாசர் கிளப் ரொனால்டோவுக்கு ஆண்டுக்கு 200 மில்லியன் யூரோ அளவில் கொடுக்கிறது என்று 2023-இல் அவர் அங்கே போனபோதே உலகப் பத்திரிகைகள் எழுதின. யூரோவுக்கு 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒரு பில்லியன் வெள்ளி. நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் மாதம் 1,700 வெள்ளி ஆனது. ஆண்டுக்கு 20,400. வகுத்துப் பார்த்தேன். ரொனால்டோ ஒரு வருடத்தில் வாங்குவதைச் சம்பாதிக்க எங்கள் ஊர் ஆள் ஒருவர் 49,000 வருடம் வேலை செய்ய வேண்டும்.

“கல் தோன்றி மண் தோன்றாக் காலத்துலயே வெட்ட ஆரம்பிச்சிருக்கணும்” என்றார் கடைக்காரர். மேசையே சிரித்தது. மண்டோர் தாத்தா சிரிக்கவில்லை. அவருக்கு அந்த முதல் கணக்குதான் தொண்டையில் நின்றது.

“அந்த எழுநூறு மில்லியன் அந்தப் பையன் கைக்கா போச்சு?”

இல்லை தாத்தா, அது அவருடைய பழைய கிளப்பான நியூகாசலுக்குப் போனது என்றேன். அது விலை. சம்பளம் வேறு. நடுவில் பேசி முடித்த ஏஜெண்டுகளுக்குத் தனியாக ஒரு பங்கு.

“அப்ப அது தலைக்காசு” என்றார் தாத்தா. “ஏஜெண்டுன்னா யாரு? கங்காணிதான்.”

அன்றைக்கு நான் லிவர்பூல் சட்டை போட்டிருந்தேன், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 35 வெள்ளிக்கு வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு இசாக்குக்காக வாதாடுவது நியாயமில்லைதான். கோடையில் அவர் நியூகாசலுக்கு ஆட மாட்டேன் என்று ஒதுங்கி நின்றார், லீக் தொடங்கியும் இறங்கவில்லை. நியூகாசல் ரசிகர்கள் அவரைத் துரோகி என்றார்கள். எங்களுக்கு வருகிறார் என்பதால் எனக்கு அது உரிமைப் போராட்டமாகத் தெரிந்தது. நாளைக்கே எங்களிடமிருந்து மாட்ரிட்டுக்குப் போக இதையே செய்தால் நானும் துரோகி என்றுதான் சொல்வேன். ரசிகனுக்கு நீதி நியாயமெல்லாம் சட்டையின் நிறத்தைப் பொறுத்தது.

ஆனாலும் தாத்தாவிடம் ஒரு பழைய கதையைச் சொன்னேன். அதே நியூகாசல் கிளப். 1960. ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் என்று ஒரு ஆட்டக்காரர். அப்போது இங்கிலாந்தில் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விரும்பினால் ஆளைத் தன் பெயரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம். வேறு கிளப்புக்கு ஆட விடாமல் தடுக்கலாம். ஈஸ்ட்ஹம் போக விரும்பினார். நியூகாசல் விடவில்லை. அவர் ஆட மறுத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் தக்கை விற்கும் வேலைக்குப் போய்விட்டார். பாட்டில் மூடியில் இருக்குமே, அந்தத் தக்கை. கடைசியில் அந்த ஆண்டே ஆர்செனலுக்குப் போனார். ஆனால் வழக்கை விடவில்லை. 1963-இல் நீதிமன்றம், இப்படிப் பிடித்து வைப்பது ஒருவன் தொழில் செய்வதையே தடுப்பது, நியாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “கணக்கு முடிஞ்ச பிறகும் விடமாட்டானா? எங்கப்பாவைக் கங்காணி கூட்டியாந்தான். கப்பல் காசு, அரிசிக் காசுன்னு எழுதி வச்சிருப்பான். அது கழியிற வரைக்கும் அடுத்த தோட்டத்துக்கு நகர முடியாது. வெள்ளைக்காரன் அவன் ஊர்க்காரனையே அப்படித்தான் வச்சிருந்தானா?”

அப்படித்தான் வைத்திருந்தான். அதைவிட இன்னொன்றும் உண்டு. 1961 வரை இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கிளப்புகள் வரம்பு வைத்திருந்தன. அரங்கில் 50,000 பேர் டிக்கெட் வாங்கி நிற்பார்கள், ஆடுகிறவனுக்கு 20 பவுன். ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஜிம்மி ஹில் தலைவர். வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் மிரட்டியது. அந்த ஜனவரியில் வரம்பு போய்விட்டது. உடனே புல்ஹாம் கிளப் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுன் கொடுத்தது. ஊரெல்லாம் அப்போதும் இதையேதான் கேட்டிருப்பார்கள்: பந்தை உதைக்கிறவனுக்கு நூறு பவுனா?

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எவர்ட்டன் இரண்டு முறை எங்கள் கோல் பக்கம் வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

தாத்தாவுக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடித்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போவார். மழை பெய்தால் பெரட்டு கலையும், அன்றைக்குக் கூலி இல்லை. பாலை நிறுக்கும்போது வெறும் எடையைப் பார்க்கமாட்டார்கள். அதில் ரப்பர் எத்தனை, தண்ணீர் எத்தனை என்று தோட்டக் குமாஸ்தாவான கிராணி ஒரு மிதவையை விட்டுப் பார்த்து எழுதுவார். கிராணி எழுதியதுதான் கணக்கு. ஒட்டுப்பாலுக்குத் தனியாகச் சில காசு. தாத்தாவின் அப்பா காலத்தில் கொரியாச் சண்டை வந்து ரப்பர் விலை ஆகாயத்துக்குப் போனபோது துரை பங்களாவுக்குப் புதுக் காடி (கார்) வந்ததாம். லயத்துக்கு என்ன வந்தது என்று கேட்டால் தாத்தா கையை விரிப்பார். விலை ஏறினால் முதலாளிக்கு, விலை இறங்கினால் நமக்கு என்பது அவர் வாழ்க்கை முழுவதும் பார்த்த கணக்கு.

அதனால் அவர் கேட்கும் கேள்வி எங்கள் கேள்வியிலிருந்து வேறு. “டிவிக்காரன் குடுக்குற காசு ஏறுது. டிக்கெட்டு ஏறுது. அதுல ஒரு பங்கு வெட்டுறவன் கைக்குப் போகுதா இல்லையா? போகுதுன்னா சந்தோசப்படுங்கடா. நமக்குப் போகலியேன்னு அழு, அவனுக்குப் போகுதேன்னு அழாத.”

பிரீமியர் லீக் கிளப்புகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் சம்பளமாகத்தான் போகிறது. தோட்ட வரலாற்றில் அப்படி ஒரு விகிதத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த இடத்தில் நான் தாத்தா கட்சி. லோரி அண்ணன் கட்சி வேறு. “அந்தக் காசு எங்கேருந்து வருது தாத்தா? இந்த டின்லேருந்துதான் வருது.”

அதுவும் உண்மைதான். பார்க்கிறதற்கு நாங்கள் என்னென்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். 1990 உலகக் கோப்பையின்போது எனக்கு 11 வயது. எங்கள் லயத்தில் நல்ல டிவி இருந்தது கிராணி வீட்டில்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். அதற்கு விலை, அந்தி சாய்வதற்குள் அவர்கள் வீட்டுக் கோழியையெல்லாம் விரட்டிக் கூண்டில் அடைப்பது. கேமரூனின் ரோஜர் மில்லா 38 வயதில் கொடிக்கம்பத்தருகே ஆடிய ஆட்டத்தை நான் ஏழு கோழிகளுக்குப் பார்த்தேன். எட்டாவது கோழி அகப்படாத நாளில் ஜன்னல் திரை பாதி இழுத்துவிடப்படும்.

1996-இல் ஆஸ்ட்ரோ என்கிற செயற்கைக்கோள் டிவி வந்தது. லயத்துத் தகரக் கூரைகளில் ஒவ்வொன்றாகத் தட்டு முளைத்தது. அதைத் தொடங்கிய ஆனந்த கிருஷ்ணன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவராகி 2024 நவம்பரில் மறைந்தார். “நம்ம ஆளு போட்ட தட்டு” என்று அந்த நாளில் பெருமை பேசிக்கொண்டே மாதச் சந்தாவைக் கட்டினோம். தமிழ்ப் படத்துக்கு ஒரு பொட்டலம், பந்துக்கு இன்னொரு பொட்டலம். அம்மாவுக்கும் எனக்கும் வீட்டில் அடிக்கடி சண்டை வந்தது அந்த இரண்டாவது பொட்டலத்தால்தான்.

ஆனால் நேரில் பார்க்கிறவன் நிலைமை நம்மைவிட மோசம் என்று ஒருநாள் இதே கடையில்தான் புரிந்தது. 2016 பிப்ரவரி 6. ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கும் சண்டர்லாந்துக்கும் ஆட்டம். நாங்கள் 2-0 முன்னால். 77-ஆம் நிமிடம். திடீரென்று ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து வெளியே போகிறார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டு ஏன் போகிறார்கள்? “கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போறானுங்க” என்றார் கடைக்காரர். இங்கே ராத்திரி பன்னிரண்டரை தாண்டிவிட்டது, அவருக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே அப்போதுதான் மாலை நாலரை தாண்டியிருந்தது.

மறுநாள்தான் தெரிந்தது. புதிதாகக் கட்டும் பகுதியில் ஒரு டிக்கெட்டை 77 பவுனுக்கு விற்கப்போவதாகக் கிளப் சொன்னதற்கு எதிர்ப்பு, அதனால்தான் 77-ஆம் நிமிடம். ஆட்டம் 2-2 ஆனது. நாலு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சனிக்கிழமை மாலை மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்குள் நேரலையாகக் காட்டக் கூடாது என்பது அங்கே பழைய விதி, ஆட்களை அரங்கத்துக்கு வரவைக்க. ஆக, அவர்கள் எழுந்து போனதை லிவர்பூலில் வீட்டிலிருந்தவர்கள் டிவியில் பார்த்திருக்க முடியாது. சுங்கை சிப்புட்டில் தே தாரிக்கோடு நாங்கள் பார்த்தோம்.

அக்கா மகனுக்கு இந்தக் கதை பிடிக்காது, லிவர்பூல் ரசிகர்கள் ஜெயிக்கிற கதை என்பதால். அவன் கிளப்பின் கதை வேறு மாதிரி. 2024 நவம்பரில், சீசன் நடுவில், உறுப்பினர்களுக்கு மிஞ்சியிருந்த டிக்கெட்டை 66 பவுன் ஆக்கினார்கள், சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை கிடையாது. கிளப் ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். இத்தனைக்கும் பிறகு 2025 மே மாதம் ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் தோற்ற ஒரு வாரத்தில் அந்த அணி கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்து இறங்கியது, ஆசியான் அணியோடு ஆட. இவன் நண்பனோடு காடியில் மூன்று மணி நேரம் ஓட்டிப் போனான். டிக்கெட், டோல், எண்ணெய், சாப்பாடு, ஒரு கழுத்துத் துண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணூறைத் தாண்டியதாகப் பிறகு ஒப்புக்கொண்டான். யுனைடெட் 1-0 தோற்றது. நம் ஊர்க் கூட்டமே அவர்களுக்குக் கூச்சல் போட்டது.

“அத்தனை காசு குடுத்துட்டுத் திட்டுனியா?” என்று தாத்தா கேட்டார்.

“திட்டறதுக்கும் சேர்த்துத்தான் தாத்தா காசு.”

யுனைடெட்டின் முதலாளிக் கதையை அவருக்கு விளக்கியது அவன்தான், நன்றாகவே விளக்கினான். 2005-இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கியது. வாங்கியபின் அந்தக் கடனில் பெரும்பகுதியைக் கிளப் தலையிலேயே ஏற்றியது. தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தோட்டத்த அடகு வச்சு அதே தோட்டத்த வாங்கிட்டானா? கெட்டிக்காரன்யா” என்றார். அக்கா மகன் முகத்தில் அன்றைக்கு அந்த நேரத்தில் மட்டும்தான் சிரிப்பில்லை.

நம் நாட்டு முதலாளிகளும் சளைத்தவர்களில்லை. வின்சென்ட் டான் கார்டிஃப் சிட்டியை வாங்கி, நூறு வருடமாக நீலச் சட்டை போட்ட அணியை 2012-இல் சிவப்பாக்கினார். ரசிகர்கள் போராடிப் போராடி 2015-இல் நீலம் திரும்பியது. காசு போட்டவர் நிறத்தை மாற்றலாமா, பரம்பரையாகக் கத்துகிறவன் சொல்லுக்கு மதிப்பில்லையா? எங்கள் மேசை அதில் இரண்டாகப் பிரிந்தது. கடைக்காரர் முதலாளி பக்கம். கடைச் சுவருக்கு அவர் போன வருடம் அடித்த பச்சைச் சாயத்தை நாங்கள் எல்லோரும் குறை சொன்னதை அவர் மறக்கவில்லை.

யுனைடெட் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதன் பிறகு வருவது. 2005-இல் கோபித்துக்கொண்டு வெளியேறிய ரசிகர்கள் சிலர் காசு சேர்த்து எப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாகக் கிளப் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. சின்ன லீக்குகளில்தான் ஆடுகிறது, ஆனால் இன்றும் இருக்கிறது. இதைச் சொன்னதும் தாத்தா மேசையைத் தட்டினார். “இது நம்ம சம்பந்தன் பண்ணதுதானே!”

எங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த மண்ணில் பிறந்தவர். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்க, தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் ஒரு புயலைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நாமே வாங்குவோம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வந்தது. தாத்தாவின் அண்ணன் பங்குப் பத்திரம் வைத்திருந்தார். எங்கள் அப்பா பத்து வெள்ளியைக் கட்டாமல் விட்டுவிட்டதாக அம்மா கடைசிவரை சொல்லிக்காட்டினார்.

“அப்போ பேராக் அணியை நாமளே வாங்கலாம்” என்று லோரி அண்ணன் எழுந்து நின்றார். அவர் சொன்னதில் விளையாட்டு பாதி, வலி பாதி. 1998-இலும் 2000-இலும் பேராக் மலேசியக் கோப்பையைத் தூக்கிய காலத்தில் அவருடைய லோரியில்தான் ஈப்போ அரங்கத்துக்குப் போவோம். மஞ்சளும் கறுப்பும் கட்டிக்கொண்டு, லோரியின் பின்பக்கம் நின்றபடி முப்பது கிலோமீட்டர். 2018-இல் மறுபடி கோப்பை வந்தது, திரங்கானுவைப் பெனல்ட்டியில் வென்று. 2025-26 மலேசிய சூப்பர் லீக்கில் பேராக் இல்லை. பணச் சிக்கலில் விலகிவிட்டது. லிவர்பூல் ஆட்டத்தைப் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து வாரம் தவறாமல் பார்க்கிறோம், பக்கத்து ஊரில் போய்க் கத்துவதற்கு ஒரு அணி இல்லை.

“முதல்ல போன வாரத் தே தண்ணிக் காசைக் குடுங்க, அப்புறம் பேராக்கை வாங்கலாம்” என்றார் கடைக்காரர்.

இவ்வளவு நேரமும் அந்தப் பையன் கடைசி மேசையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எங்கள் தாமானில் வளர்ந்த பிள்ளை, வயது 24. இடது ஓரத்தில் ஓடினால் காற்றுக்கு மூச்சு வாங்கும். பள்ளித் திடலில் அவன் பந்தோடு ஓடுவதை நான் வேலைவிட்டு வரும்போது மோட்டாரை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இளையோர் அணியில் ஆடி, 21 வயதில் வேறு மாநிலத்துக் கிளப் ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்தது. மாதம் 3,500 வெள்ளி. அவன் அம்மா தாமான் முழுக்க லட்டு கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

முதல் மூன்று மாதம் சரியாக வந்தது. நாலாவது மாதம் தாமதம். ஐந்தாவது மாதம் பாதி. பிறகு ஐந்து மாதம் ஒன்றுமில்லை. இபிஎப் (சேமநிதி) பணம் பிடித்ததாகச் சீட்டில் இருந்தது, கணக்கில் இல்லை. வாடகை அறையில் நாலு ஆட்டக்காரர்கள் மெகி சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வார இறுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஆடினார்கள். ஒரு கோல் அடித்தபோது சட்டையைக் கழற்றாதே, மஞ்சள் அட்டைக்கு அபராதம் பிடிப்பார்கள் என்று நண்பன் எச்சரித்தானாம். இல்லாத சம்பளத்தில் எதைப் பிடிப்பார்கள் என்று இவன் கழற்றிவிட்டான். வழக்குப் போட்டுக் கொஞ்சம் வந்தது, மிச்சம் வரவில்லை. இப்போது தைப்பிங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு.

லோரி அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். அப்படியிருந்தும் வாயில் வந்துவிட்டது: “நீயே சொல்லுடா தம்பி, பிளேயருக்கு இவ்ளோ சம்பளம் நியாயமா?”

மேசை அமைதியானது. பையன் குழம்பில் விரலைத் துடைத்தான். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இசாக் பந்தை வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கெல்லாம் எத்தனாம் தேதி போடுவாங்க, அண்ணே?” என்றான்.

யாருக்கும் தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் 49,000 வருடத்தை வகுத்துச் சொன்னவன். தேதி எனக்கும் தெரியவில்லை.

ஆட்டம் 2-1 என்று முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம். சத்தம் போட மறந்துபோனோம் என்று சொன்னால் பொய், போட்டோம், கொஞ்சம் குறைவாக. கடைக்காரர் டின்னைக் கவிழ்த்து எண்ணினார். 43 வெள்ளி. பையன் ஐந்து வெள்ளியை நீட்ட, நீ வேண்டாம்பா என்று அவர் தள்ள, அவன் டின்னுக்குள் போட்டுவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

தாத்தா எழுந்திருக்கவில்லை. அடுத்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் எப்போது என்று கேட்டார். பத்து நாளில், துருக்கியில் கலாத்தசராய் அணியோடு, நமக்கு விடியற்காலை மூன்று மணி என்றேன்.

“மூணு மணிக்கு நான் முழிச்சுத்தான் இருப்பேன். பெரட்டுக்குப் போன உடம்பு. கடையைத் திறப்பியா?”

“திறக்கலாம் தாத்தா, கரண்டு காசு யாரு குடுப்பா?”

“வர்ற தலையை எண்ணு.”

“நீங்க வந்தா ஒரு தலை. அஞ்சு வெள்ளி.”

தாத்தா சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைத்தார்.

“மண்டோருக்குக் கிடையாதுடா” என்றார்.